தீவு வீட்டில் நான் கைதட்டிய விவகாரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அக்காவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவி மக்களும் நீ நடத்தும் சுற்றுலா அலுவலகமும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தை எழுதி முடித்த பிறகும் அந்த நினைப்பு மாறாது. அலுவலகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் ஏரியில் இருக்கிறது. உன் அக்கா ஒரு நீர்க்காகத்தைப் படம் எடுக்கக் கையை நீட்டினாள். நீர்க்காகம் முங்கியது, போனும் முங்கியது, நீர்க்காகம் மட்டும் வெளியே வந்தது. என் போன் உயிர் போய்க் கிடக்கிறது. அதன் சார்ஜர் முதல் நாள் தங்கிய விடுதியில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகையால் இதைப் படகுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அக்கரையில் இருக்கும் உன் அலுவலக ஆளிடம் சேர்ப்பார், அந்த ஆள் உனக்குச் சேர்ப்பார். அந்த ஆளை நாங்கள் இதுவரை பார்க்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு நாளைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை, ஏனென்றால் குறை சொல்லும்படி எதையும் பார்க்கவே இல்லை. நீ அச்சடித்துக் கொடுத்த நிகழ்ச்சி நிரல்படி காலையில் ஏரி, நடுப்பகலில் கோயில், மாலையில் கடற்கரைப் பாரம்பரியம். காலையில் ஏரி முழுக்கப் பனிமூட்டம். கீழே தண்ணீர் இருக்கிறது என்பதைப் படகு மிதந்ததிலிருந்து தெரிந்துகொண்டோம். நடுப்பகலில் கோயில்கள் சாத்தியிருக்கும் என்பது உனக்குத் தெரியாமல் போயிருக்கலாம், பூட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போன கோயில்களிலெல்லாம் கதவுகளை நன்றாகப் பார்த்தோம். பூட்டு வேலைப்பாடு மிகவும் அருமை. சுட்டெரிக்கும் கல்தரையில் உன் அக்கா வெறுங்காலோடு வெளிச்சுற்று வந்த வேகத்தைப் பார்த்தால் அவளுக்கு மூட்டுவலி என்று எந்த டாக்டரும் நம்ப மாட்டார். மாலையில் பழைய துறைமுகம். கலங்கரை விளக்கத்தைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். மணலில் ஒரு பீரங்கி கிடந்தது, அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். "இங்கதாங்க அந்தக் காலத்துல கப்பலுங்க வந்து நிக்கும்" என்றார் வழிகாட்டி. கடல் எங்கேயோ தள்ளி இருக்கிறதே என்று கேட்டேன். "அது பின்வாங்கிருச்சுங்க" என்றார். எனக்கும் அந்த யோசனை அப்போதே வந்தது. வந்தபடி செய்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

மூன்றாம் நாள் நிரலில் நீ இப்படிப் போட்டிருக்கிறாய்: "ஏரித் தீவில் பாரம்பரிய வீடு. வரவேற்பு பானம். பழங்காலக் கூட்டுக் குடும்ப வாழ்க்கையைக் கலைஞர்கள் நேரில் நடித்துக் காட்டுவார்கள்." நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, நேரத்துக்கு முன்னால் போய் நிற்கும் பழக்கத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. உன் சுற்றுலாப் படகு வருவதற்கு வெகு நேரம் முன்பே படகுத்துறையில் போய் நின்றோம். முதலில் ஒரு படகு வந்தது. படகுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தீவு வீட்டுக்குத்தானே? உங்களுக்காகத்தான் வந்தேன், ஏறுங்க" என்றார். இதற்குமேல் ஒரு மனிதன் எதை விசாரிக்க வேண்டும்? ஏறிவிட்டோம்.

இப்போது எனக்குத் தெரிந்ததை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயும் என்னைப் போலவே முழிப்பாய். நாங்கள் போய் இறங்கியது நீ சொன்ன வீடு அல்ல. நிஜமான மனிதர்கள் நிஜமாகக் குடியிருக்கும் வீடு. அண்ணன், தம்பி, அவரவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுக்கு நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகி, செங்கல் படகில் வந்து இறங்கி, கொத்தனாரும் வந்து கூடத்துக்குக் குறுக்கே நூல் கட்டியாயிற்று. நூல் போன வழியிலேயே சுவர் போனால் படித்துறை அண்ணன் பக்கம் விழும், சமையலறை தம்பி பக்கம் விழும். தீவில் படித்துறை இல்லாதவன் வெளியே போக முடியாது, சமையலறை இல்லாதவன் உள்ளே இருக்க முடியாது. அதற்குத்தான் அன்றைக்கு ஒரு மத்தியஸ்தரை வரச் சொல்லியிருந்தார்கள். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராம். இவர்கள் யாரும் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று மட்டும் தகவல். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். குடை உன் அக்கா கையில் இருந்தது. அந்த வீட்டில் சுவரே வேண்டாம் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர், மருமகள்கள் இரண்டு பேரும். ஒரே அடுப்பில் சேர்ந்து சமைத்துப் பழகியவர்கள், சுவர் வந்துவிட்டால் புருஷன்மார் ரோஷத்துக்காகத் தாங்களும் பேசாமல் இருக்க வேண்டி வருமே என்று அரண்டு போயிருந்தார்கள்.

இது எதுவும் தெரியாமல் நான் உள்ளே போனேன். படித்துறையிலேயே வீடே வந்து நின்றது. மூத்த மருமகள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வரவேற்பு பானம் என்று நீ எழுதியிருந்தாயே, இவ்வளவுதானா என்று உன் அக்கா முணுமுணுத்தாள். கூடத்துக்குக் குறுக்கே நூலைப் பார்த்ததும் எனக்கு மிகவும் திருப்தியாகிவிட்டது. காட்சிக்கூடம் என்றால் இப்படித்தான் கட்டுப்பாடு வேண்டும். ஒரு குழந்தை அதைத் தாண்டி ஓடியது. "நூலைத் தாண்டக் கூடாது, இந்தப் பக்கமே நிக்கணும்" என்று கண்டித்தேன். தம்பி முகம் சுருங்கியது. அண்ணன் தலையை ஆட்டினார். மூலையில் கொத்தனார் மெழுகுச் சிலை ஒன்றைப் படுக்க வைத்திருந்தார்கள், மார்பின்மேல் கரண்டியோடு. எவ்வளவு தத்ரூபம் என்று உன் அக்கா குடை நுனியால் அதன் காதைத் தொட்டாள். அது எழுந்து உட்கார்ந்து, "டீ வந்துருச்சா?" என்றது. நடிகர்தான் என்று நாங்களே சமாதானம் செய்துகொண்டோம்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் நீ அனுப்பும் மற்றவர்களைப் போல மேலோட்டமாக அல்ல. அலமாரிகளைத் திறந்தேன், தூண்களைத் தட்டினேன், பரணைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன், படுக்கையறையில் இருந்த கட்டிலில் உட்கார்ந்துகூடப் பார்த்தேன். பின்னாலேயே அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாக மூச்சுக் காட்டாமல் வந்தார்கள். இவ்வளவு அக்கறையாக யாரும் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை என்று பிற்பாடு அண்ணனே சொன்னார். சமையலறையில் மூத்த மருமகள் நின்றிருந்தாள். உழைக்கிறவர்களிடம் நாலு வார்த்தை பேசாமல் வர எனக்கு மனசு வராது என்பது உனக்குத் தெரியும்.

"எத்தனை நாளா இங்க இருக்கம்மா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இங்கதாங்க."

"வேலை ரொம்ப ஜாஸ்தியோ?"

"விடிஞ்சா எந்திரிக்கிறது, எல்லாரும் படுத்த பின்னாடி படுக்கிறது."

"சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா?"

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாக் கேட்டீங்க, போங்க" என்றாள்.

"லீவாவது விடறாங்களா?"

"பொறந்த வீட்டுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இதை மேலிடத்துக்கு எழுதுகிறேன், நீ பயப்படாதே அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலிடம் என்று நான் மனதில் வைத்தது உன்னை. இளைய மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள். அண்ணனுக்கு வியர்த்தது.

அதன் பிறகு எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். நூலுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. "ஆரம்பிக்கலாமுங்களா?" என்று கேட்டார்கள். ஆரம்பிக்கலாம் என்றேன். அப்பா, என்ன சண்டை! படித்துறைக்குக் கல் சுமந்தது யார், கூரை மாற்றியது யார், அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தபோது வாசல் வழியே படகில் போனவன் எட்டிப் பார்க்காமல் போனது ஏன், வெளியூர் வேலையை விட்டுத் தம்பி திரும்பி வந்ததை யார் கேட்டார்கள். தம்பி தூணில் குத்தினார். அண்ணன் தோளில் கிடந்த துண்டை வீசினார், அது கொத்தனார் தலையில் விழுந்தது. மருமகள்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார்கள். நான் எத்தனையோ பள்ளி நாடகப் போட்டிகளுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். அழ வேண்டிய இடத்தில் சிரிக்கும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியதும் மனதாரக் கைதட்டினேன். உன் அக்காவும் தட்டினாள்.

தட்டியது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"ஐயா, கை தட்டறீங்க?" என்றார் அண்ணன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நம்பற மாதிரி இல்லை" என்றேன்.

"நம்பலையா! நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யின்னா..." என்று தம்பி ஆரம்பித்தார்.

"உங்களுக்குப் பேச்சு நீளம். அவருக்குக் குரலே எழும்பலை. ரெண்டு பேரும் ரொம்ப நாளா இதையே சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிப்போச்சு, உள்ளேருந்து வரலை" என்றேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு, அதைச் சொன்னேன். "இப்ப இடம் மாறி நில்லுங்க. அண்ணன் தம்பியாப் பேசணும், தம்பி அண்ணனாப் பேசணும். முதல்லேருந்து."

முதலில் முறைத்தார்கள். "பெரியவங்க சொல்றாங்கல்ல, செய்யுங்களேன்" என்று மூத்த மருமகள் கதவருகிலிருந்து சொன்னாள். நூலைத் தாண்டி இடம் மாறினார்கள். அந்த ஒரு தடவைக்கு நான் அனுமதித்தேன்.

தம்பி முதலில் பேசினார், அண்ணனாக. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைத்து, "இந்த வீட்டுல நான் ஒருத்தன் இல்லேன்னா சூரியனே உதிக்காது" என்று ஆரம்பித்து, அண்ணன் படகில் ஏறும் விதம், செருப்பைத் தேடும் விதம், சாப்பாட்டில் உட்கார்ந்து சமையலுக்கு நொட்டை சொல்லும் விதம் எல்லாவற்றையும் செய்து காட்டினார். மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பொத்தாமலே சிரித்தார்கள். கொத்தனார் செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார். உன் அக்காவுக்குப் புரையேறியது. அண்ணனுக்குக்கூட மீசை துடித்தது. பிறகு அவர் முறை வந்தது. தம்பியாக அவர் பேசியது கொஞ்சம்தான்.

"ஊர்லேருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்து இறங்குனேன். நீ படித்துறையில நின்னுக்கிட்டிருந்த. என் கையில பெட்டி இருந்துச்சு. அதை நீ வாங்கலை" என்றார். அதோடு நிறுத்திவிட்டு, சொந்தக் குரலில், "அதானேடா?" என்று கேட்டார்.

தம்பி தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். பிறகு, "அதான்" என்றார்.

"முதுகு பிடிச்சுக்கிட்டிருந்துச்சுடா. குனிய முடியலை. உங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

இரண்டு வருஷமாகத் தம்பியின் வருத்தம் அண்ணனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, பாரேன். இப்படிப்பட்ட நடிப்பை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று கைதட்டினேன். இந்தத் தடவை எல்லோரும் தட்டினார்கள், கொத்தனார் உட்பட. அண்ணன் நூலைப் பிடித்து இழுத்து அறுத்துப் போட்டார்.

"ஐயையோ, அதை ஏன் அறுக்கறீங்க? அடுத்த கூட்டம் வருமே, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்றேன். அதைக் கேட்டு எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். உன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதற்குள் அவள் புரையேறியதற்குத் தண்ணீர் குடிக்க மருமகள்களோடு சமையலறைக்குப் போய் முகம் வெளுத்துத் திரும்பியிருந்தாள். "என்னங்க, இது நாடகம் இல்லைங்க. அந்தப் புள்ளைங்க நிஜமாவே அவங்க பெத்த புள்ளைங்க. செங்கல் நிஜம். நாம யாரோட வீட்டுலயோ வந்து கட்டில்ல உக்காந்துருக்கோம்" என்று என் காதில் சொன்னாள்.

அந்த நேரத்தில் நான் பட்டதை உன் எதிரிக்கும் வேண்டேன். உடனே எழுந்து, ஐயா, நான் மத்தியஸ்தன் இல்லை, சுற்றுலா வந்தவன், தெரியாமல் படகு மாறி ஏறிவிட்டேன் என்று கைகூப்பினேன். "பெரிய மனுசங்க தன்னை அப்படித்தான் சொல்லிக்குவாங்க" என்று அண்ணன் தம்பியிடம் சொன்னார். தம்பி அண்ணனிடம் "அதானே" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் நான் பொய் சொல்கிறேன் என்பதுதான். மேற்கொண்டு வாதாடி அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாலையில் படகுக்காரர் வந்து நிஜ மத்தியஸ்தரைப் பற்றிச் சொன்னார். அவர் எங்களுக்குப் பின்னால் படகுத்துறைக்கு வந்திருக்கிறார். அங்கே எங்களுக்காக அலங்கரித்து நின்ற உன் சுற்றுலாப் படகைப் பார்த்து, தீவு வீட்டுக்காரர்கள் இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களா என்று நெகிழ்ந்து ஏறி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் அறையில் தங்கி, எங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பனி விலகிய ஏரியை ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "வழக்கைப் பற்றி அப்புறம் பேசலாம், அவசரம் இல்லை" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஆக, இந்தப் பயணத்தில் நாங்கள் பார்க்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டார், அவர் செய்ய வேண்டியதை நான் செய்துவிட்டேன். ஒரு வீடு பிளவுபடாமல் நின்றது. சுவர் கிடையாது என்று முடிவாகிவிட்டது. எங்களைப் போக விடாமல் அங்கேயே தங்க வைத்தார்கள். ராத்திரி எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணன் தம்பிக்குப் பரிமாறச் சொன்னார், தம்பி அண்ணனுக்குப் பரிமாறச் சொன்னார். என்னால் ஒரு நல்லது நடந்தது என்று எழுதிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், ஒளிப்பானேன்? ஆனால் இது ஒரு தடவை போதும். இனி எந்தக் குடும்ப விவகாரத்திலும், நம்முடையது உட்பட, நான் தலையிடுவதாக இல்லை. எங்கள் மிச்சப் பயணத்தை ரத்து செய்து, கிடைக்கிற முதல் ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டுவிடு. கோயில்களை அவை திறந்திருக்கும்போது போய்ப் பார்க்கிற யோகம் இன்னொரு பிறவியில் வாய்க்கட்டும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் ஆசிகள் எப்போதும் உண்டு. குழந்தைகளைப் படிக்கச் சொல். அலுவலகத்தில் ஒரு கடிகாரமும், கோயில் நடை திறக்கும் நேரமும் மாட்டி வை.

உன் நலம் விரும்பும்,
அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி என் அறைக்கு வந்தார்கள். "ஐயா, சுவர் கட்டாம முடியாது போலிருக்குங்க" என்றார்கள், ஒரே குரலில். விஷயம் இதுதான். நேற்றுத் தம்பி அண்ணனாகப் பேசியபோது, "சின்னவ கைப்பக்குவம் இவளுக்கு வருமா?" என்று ஒரு வசனம் சொன்னார். சிரித்த சிரிப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை. படுக்கப் போகும்போது மூத்த மருமகளுக்கு அது ஞாபகம் வந்து, நிஜமாகவே அப்படிச் சொல்வீர்களா என்று புருஷனைக் கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லத் தாமதித்திருக்கிறார். அதைப் பார்த்து இளையவள் லேசாகச் சிரித்தாளாம். சிரிக்கவே இல்லை என்கிறாள் அவள். இப்போது இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, சுவர் உடனே வேண்டுமாம். அண்ணன் செங்கல் எடுத்துக் கொடுக்க, தம்பி வாங்கி அடுக்க, இரண்டு பேரும் சின்ன வயசுக் கதை பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். இவ்வளவு ஒற்றுமையாக ஒரு சுவர் எழும்பி நான் பார்த்ததில்லை. கொத்தனாருக்கு வேலையே இல்லை. உன் அக்கா மூத்தவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, "ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது" என்கிறாள். அதில் நானும் அடக்கம். என்னால் முடிந்தது, நடுவில் ஒரு கதவுக்காவது இடம் விடுங்கள் என்று சொன்னேன். விட்டார்கள். மருமகள்கள் இரண்டு பேரும் எழுந்து வந்து, தாழ்ப்பாள் தன் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியோ, பேசிக்கொள்கிறார்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை நான்தான் சொல்ல வேண்டுமாம். நீ டிக்கெட் போடாதே.